ரத்தத்தில் குறைவாகக் கரையும் செவோஃப்ளூரேன் ஏன் சீக்கிரம் மயக்குகிறது?

கேள்வி இரண்டு. மூச்சு வழியாக ஆவியாகக் கொடுக்கும் மயக்க மருந்தான செவோஃப்ளூரேன் ரத்தத்தில் குறைவாகத்தான் கரையும், அதனால்தான் வேகமாக மயக்கம் தரும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. ஆனால் மருந்து மூளைக்குப் போவதே ரத்தம் வழியாகத்தானே, கரையாவிட்டால் எப்படிப் போய்ச் சேரும்? இது ஒன்று. இந்த மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்கிறார்களே, உண்மையா? இது மற்றொன்று. முதல் கேள்வியைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் மூச்சு வழி மயக்க மருந்துகளின் மருந்தியலில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். அதனால் அதற்கே அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன்.

குழப்பத்துக்குக் காரணம் நம் பழக்கம். மாத்திரைக்கும் ஊசிக்கும் இத்தனை மில்லிகிராம் என்று அளவு சொல்லியே பழகிவிட்டோம். ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு வேலை நடக்கும் என்பது அந்தக் கணக்கு. ஆவியாகப் போகும் மருந்துக்கு இது ஒத்துவராது. ஆவி எங்கிருந்து எங்கே நகரும் என்பதைப் பகுதி அழுத்தம்தான், அதாவது அந்த ஒரு வாயு மட்டும் தரும் அழுத்தம்தான், முடிவு செய்கிறது. அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு நகரும், இரண்டும் சமமானால் நின்றுவிடும். நேரம் போகப் போக நுரையீரலின் காற்றறை, ரத்தம், மூளை மூன்றிலும் ஒரே பகுதி அழுத்தம் வந்துவிடும். ஆனால் மூன்றிலும் கரைந்திருக்கும் மருந்தின் அளவு ஒன்றாக இருக்காது. காற்றறையில் அழுத்தம் என்னவோ, சற்று நேரத்தில் மூளையிலும் அதுவே. ஆக, காற்றறையில் அழுத்தம் எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது என்பதுதான் எவ்வளவு சீக்கிரம் மயக்கம் வரும் என்பதும்.

ஒரே குழாயில் சொம்பிலும் அண்டாவிலும் தண்ணீர் பிடித்துப் பாருங்கள். சொம்பில் மட்டம் சட்டென்று ஏறிவிடும். அண்டாவில் குடம் குடமாகத் தண்ணீர் விழுந்தும் மட்டம் விரல் உயரத்தைத் தாண்டாது. தண்ணீர் மருந்து, மட்டம் அழுத்தம், பாத்திரத்தின் அகலம் கரைதிறன். நன்றாகக் கரையும் மருந்துக்கு ரத்தம் அண்டா. அதிலே மருந்து நிறைய இருக்கும், அழுத்தம் இருக்காது.

இதை எண்ணில் பார்க்க ஈதரை விட நல்ல உதாரணம் கிடையாது. 1846இல் பாஸ்டனில் மார்ட்டன் பொதுமேடையில் காட்டிய அதே ஈதர்தான். அறுவைக் கீறலுக்கு நூற்றில் ஐம்பது பேர் அசையாமல் இருக்கக் காற்றறையில் எத்தனை சதவீதம் மருந்து வேண்டும் என்ற அளவை மேக் என்கிறோம். ஈதருக்கு அது சுமார் 1.9, செவோஃப்ளூரேனுக்கு நாற்பது வயதுக்காரரிடம் சுமார் 2. அதாவது வீரியத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ரத்தத்துக்கும் வாயுவுக்கும் இடையிலான கரைதிறன் விகிதம் ஈதருக்கு 12, செவோஃப்ளூரேனுக்கு 0.65. இரண்டு சதவீத அழுத்தத்தில் சமநிலை வந்த 100 மில்லி ரத்தத்தில் செவோஃப்ளூரேன் ஆவி 1.3 மில்லி இருக்கும், ஈதரோ 24 மில்லி இருக்கும். மூளைக்குக் கிடைக்கும் அழுத்தம் ஒன்றேதான். ஆனால் அந்த அழுத்தத்தை எட்டுவதற்கு ஈதரில் பதினெட்டு மடங்கு சரக்கை ரத்தத்தில் கொட்டியாக வேண்டும்.

இன்னும் ஒரு படி கிட்டே போகலாம். பெரியவருக்கு நிமிடத்துக்கு சுமார் 4 லிட்டர் காற்று காற்றறைகளுக்குள் போய் வருகிறது, 5 லிட்டர் ரத்தம் நுரையீரலைக் கடந்து போகிறது. முதல் நிமிடங்களில் திரும்பி வரும் சிரை ரத்தத்தில் மருந்து இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். செவோஃப்ளூரேன் என்றால் 5 லிட்டர் ரத்தம் 3.25 லிட்டர் காற்றறைக் காற்றில் உள்ள மருந்தை வாரிக்கொண்டு போகும். உள்ளே வருவது 4, இழப்பு 3.25. கணக்குப் போட்டால், மூச்சில் கொடுக்கும் செறிவில் பாதிக்குச் சற்று மேல் காற்றறையில் உடனே நிற்கும். ஈதர் என்றால் அதே ரத்தம் 60 லிட்டர் காற்றில் உள்ள மருந்தை இழுத்துக்கொள்ளும், காற்றறையில் மிஞ்சுவது ஆறு சதவீதம்தான். ஈதர் காலத்தில் மயக்கம் வர வெகுநேரம் ஆனதும், வழியில் நோயாளி உதறி, இருமி, வாந்தியெடுத்து அமர்க்களப்பட்டதும் இதனால்தான். மனிதர்களில் அளந்த கணக்கும் இதே வரிசையில்தான் இருக்கிறது. இந்த வகை ஆவி மருந்துகளில், அரை மணி நேரத்தில் காற்றறைச் செறிவு, உள்ளே இழுக்கும் செறிவில் ஹாலோத்தேனுக்கு 58 சதவீதத்தையும், ஐசோஃப்ளூரேனுக்கு 73ஐயும், செவோஃப்ளூரேனுக்கு 85ஐயும், டெஸ்ஃப்ளூரேனுக்கு 90ஐயும் எட்டுகிறது.

எனவே உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில் இது. செவோஃப்ளூரேன் ரத்தத்தில் கரையாமல் இல்லை, கரைகிறது. மூளைக்குத் தேவையான அளவைச் சுமக்க அந்தக் கரைதிறன் போதும். மூளைக்கு ரத்த ஓட்டம் மிக அதிகம், மூளையின் கொள்ளளவோ சிறிது. ஆகவே ரத்தத்தில் அழுத்தம் ஏறிவிட்டால் மூளை சில நிமிடங்களில் அதை எட்டிப்பிடித்துவிடும்.

இதிலிருந்து தலைகீழாகத் தோன்றும் ஒரு விஷயம் பிறக்கிறது. தேர்வில் பலர் இங்கேதான் தடுக்கி விழுவார்கள். இதயம் வேகமாக ரத்தத்தைத் தள்ளினால் மயக்கம் சீக்கிரம் வரும் என்று தோன்றும். நடப்பது நேர் எதிர். அதிக ரத்தம் ஓடினால் காற்றறையிலிருந்து அதிக மருந்து வாரிக்கொண்டு போகப்படும், அழுத்தம் மெதுவாகத்தான் ஏறும். பயத்தில் இதயம் படபடக்கும் நோயாளிக்கு மயக்கம் தாமதமாகும், ரத்தம் நிறைய இழந்து அதிர்ச்சி நிலையில் வந்தவருக்கு எதிர்பார்த்ததை விட வேகமாக ஆழ்ந்துவிடும். கரைதிறன் அதிகமுள்ள மருந்தில் இந்த விளைவு பெரிது, செவோஃப்ளூரேனில் சிறிது.

இதில் ஒரு பாதுகாப்பு நுணுக்கமும் இருக்கிறது. நோயாளி தானாக மூச்சு விடும்போது, மயக்கம் ஆழமாக ஆக மூச்சின் அளவு சுருங்கும், உள்ளே போகும் மருந்தும் குறையும், தானே ஒரு கடிவாளம் விழும். இயந்திரம் மூச்சைத் தள்ளினால் அந்தக் கடிவாளம் அறுந்துவிடுகிறது. ஆழம் கூடக் கூட இதயத்தின் வெளியீடு குறையும், குறையக் குறைய அழுத்தம் இன்னும் வேகமாக ஏறும், இதயம் இன்னும் தளரும். குழந்தைகளுக்கு ஹாலோத்தேன் கொடுத்த காலத்தில் இந்தச் சுழல்தான் எல்லோரும் பயந்த ஒன்று. செவோஃப்ளூரேன் வந்து ஹாலோத்தேன் ஓரங்கட்டப்பட்டதற்கு வேகத்தைவிட இதயம் இப்படிப் படுத்துவிடாமல் இருப்பதே பெரிய காரணம் என்பது என் கணிப்பு. ஹாலோத்தேன் இதயத் தசையையே தளர்த்தும், துடிப்பைக் குறைக்கும், அட்ரினலினுக்கு இதயத்தை எளிதில் சீண்டக்கூடியதாக்கும். செவோஃப்ளூரேன் பெரும்பாலும் ரத்தக் குழாய்களை விரித்து ரத்த அழுத்தத்தை இறக்குகிறது, துடிப்பை அதிகம் தொடுவதில்லை. ஈசிஜியில் தெரியும் கியூடி இடைவெளியை நீட்டும் என்பதால், பிறவியிலேயே அந்தக் கோளாறு உள்ளவர்களிடம் மட்டும் தனிக் கவனம் வேண்டும்.

குழந்தைக்கு முகமூடி வைத்து மயக்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். திரவ மருந்தை ஆவியாக்கிக் கலந்து தரும் கருவியான வேப்பரைசரின் முகப்பை 8 சதவீதம் வரை திருப்புவார்கள். பெரியவருக்கு அது நான்கு மேக், தங்கவைக்க வேண்டிய அளவு அல்ல. அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றுவதற்கான தந்திரம் அது. ஒரு நிமிடத்துக்குள் இமை மூடும். அடுத்து வருவதுதான் கூட நிற்கும் பெற்றோரைக் கலங்க வைக்கும்: கை கால் உதறல், ஒழுங்கில்லாத மூச்சு, கண்மணிகள் ஆளுக்கொரு பக்கம் விலகிப் போவது. குழந்தை வலியில் துடிக்கவில்லை. மூளையின் அடக்கும் சுற்றுகள் முதலில் ஓய்ந்துபோகிற கிளர்ச்சி நிலை அது. சீக்கிரமே கடந்துவிடும். கண்கள் நடுவுக்கு வந்து, மூச்சு சீரானதும் முகப்பை இறக்கிவிடுவார்கள். குழந்தைகளுக்கு இது இன்னும் விரைவாக நடக்கும், ஏனென்றால் உடல் எடைக்கு அவர்கள் விடும் மூச்சு மிக அதிகம். அதே நேரம் அவர்களுக்குத் தேவையான செறிவும் அதிகம். பிறந்த குழந்தைக்கு மேக் சுமார் 3.3, எண்பது வயதில் சுமார் 1.4.

கரைதிறன்தான் எல்லாம் என்றால் இன்னும் குறைவாகக் கரையும் டெஸ்ஃப்ளூரேனை (0.42) ஏன் முகமூடியில் கொடுப்பதில்லை? காரணம் கணக்கில் இல்லை, தொண்டையில் இருக்கிறது. டெஸ்ஃப்ளூரேன் மூச்சுக்குழாயைக் காரமாக எரிக்கும், இருமல் வரும், குரல்வளை இறுகிக்கொள்ளும். ஐசோஃப்ளூரேனும் ஓரளவு அப்படித்தான். செவோஃப்ளூரேனில் அந்த எரிச்சல் இல்லை, மூச்சுக்குழலை விரித்தும் கொடுக்கும்.

பாட்டிலில் இருக்கும்போது அது ஒரு திரவம், 58.5 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். 20 டிகிரியில் அதன் ஆவி அழுத்தம் சுமார் 157 மி.மீ. பாதரசம், அதாவது மூடிய பாட்டிலின் மேலே நிற்கும் ஆவி 20 சதவீதத்துக்கு மேல். அதை அப்படியே மூச்சில் விட்டால் ஆபத்து, ஆகவே வேப்பரைசரின் முழு வேலையும் நீர்த்துப்போகச் செய்வதே. ஒரு மில்லி திரவம் சுமார் 180 மில்லி ஆவியாகிறது. நிமிடத்துக்கு 2 லிட்டர் வாயு ஓட்டத்தில் 2 சதவீதம் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 13 மில்லி போல் செலவாகும். இதற்குள்ளேதான் குறைந்த ஓட்டத்தின் சிக்கனமும் ஒளிந்திருக்கிறது, கடைசியில் அதற்கு வருகிறேன்.

சரி, மூளைக்குப் போய் என்ன செய்கிறது? பதில் முழுமையாக இன்னும் கிடைக்கவில்லை என்பதை மறைப்பதில் பயனில்லை. 1899இல் மேயர், 1901இல் ஓவர்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் தனித்தனியே ஒன்றைக் கவனித்தார்கள்: எண்ணெயில் எவ்வளவு கரைகிறதோ அவ்வளவு வீரியம். மேக்கையும் எண்ணெய்க் கரைதிறனையும் பெருக்கிப் பாருங்கள். நைட்ரஸ் ஆக்சைடு 104ஐ 1.4ஆல், ஹாலோத்தேன் 0.75ஐ 224ஆல், செவோஃப்ளூரேன் 2ஐ 47ஆல். மேக் நூறு மடங்குக்கு மேல் மாறினாலும் பெருக்குத்தொகை இரண்டு மடங்குக்குள் அடங்கிவிடுகிறது. இதை வைத்து, செல் சுவரின் கொழுப்புக்குள் புகுந்து அதைக் கலைப்பதாகவே முக்கால் நூற்றாண்டு நம்பினார்கள். 1984இல் ஃபிராங்க்ஸ், லீப் என்ற ஆய்வாளர்கள் கொழுப்பே இல்லாத ஒரு புரதத்தை, மின்மினிப் பூச்சிக்கு ஒளி தரும் லூசிஃபெரேஸ் நொதியை எடுத்தார்கள். மயக்க மருந்துகள் அதை முடக்கின, அதுவும் அதே வீரிய வரிசையில். கொழுப்பு தேவையில்லை, புரதத்தில் எண்ணெய்த் தன்மையுள்ள ஒரு குழிவு போதும் என்றானது.

இன்று நமக்குத் தெரிந்த குழிவுகளில் முதன்மையானது காபா-ஏ ஏற்பி, நரம்பணுவை அடக்கும் சமிக்ஞையை வாங்கும் புரதம். செவோஃப்ளூரேன் அதைத் தன் பக்கம் சாய்த்து, குளோரைடு வாசல் வழக்கத்தை விட நீண்ட நேரம் திறந்திருக்கச் செய்கிறது, நரம்பணு அடங்குகிறது. தண்டுவடத்தில் கிளைசின் ஏற்பிக்கும் இதே கதை. இரட்டைத் துளை பொட்டாசியம் வாசல்களைத் திறந்து நரம்பணுவை இன்னும் அசமந்தமாக்குகிறது. ட்ரெக்-1 என்ற அந்த வாசல் இல்லாத எலிகளுக்கு மயக்க அதிக மருந்து வேண்டியிருக்கிறது. நரம்பணுவைத் தூண்டும் என்எம்டிஏ ஏற்பியையும் நிக்கோட்டின் வகை அசிட்டைல்கோலின் ஏற்பியையும் ஓரளவு தடுக்கிறது. காபா ஏற்பியில் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றிய எலிகளில் ஊசி வழி மயக்க மருந்தான புரோபோஃபால் அசைவை நிறுத்தும் திறனை இழந்துவிடுகிறது, ஆவி மருந்துகளோ கொஞ்சம்தான் மங்குகின்றன. ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்று இதை எழுதிவிட முடியாது.

மேக் எதை அளக்கிறது என்பதிலும் ஒரு திருப்பம் உண்டு. நோயாளி அசையாமல் இருந்தால் நினைவும் இல்லை என்று எடுத்துக்கொள்வோம். 1990களின் தொடக்கத்தில் ஆடுகளின் மூளைக்கு மட்டும் தனியாக மயக்க மருந்து போகும்படி செய்து பார்த்தார்கள். அசைவை நிறுத்த வழக்கத்தை விட இரண்டு மடங்குக்கு மேல் தேவைப்பட்டது. முன்மூளையை அகற்றிய எலிகளில் மேக் மாறவே இல்லை. அசையாமல் இருப்பது முக்கியமாகத் தண்டுவடத்தின் வேலை, மூளையின் வேலை அல்ல. நினைவு அதைவிடக் குறைந்த அளவிலேயே போய்விடுகிறது. அழைத்தால் கண் திறக்கும் நிலைக்கும் திறக்காத நிலைக்கும் உள்ள எல்லை செவோஃப்ளூரேனில் மேக்கின் மூன்றில் ஒரு பங்குதான். இது நல்ல செய்தி, ஆனால் தசை தளர்த்தும் மருந்து கொடுத்திருந்தால் அசைவு என்ற அடையாளமே இல்லாமல் போகும். அப்போது மானிட்டரில் மூச்சின் கடைசியில் வரும் காற்றில் செறிவைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் வழி. தசை தளர்த்திகளின் வேலையைச் செவோஃப்ளூரேனே நீட்டும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

விழிப்பு இதே கணக்கின் மறுபக்கம், ஆனால் சரியான பிரதிபலிப்பு அல்ல. மயக்கும்போது 8 வைத்து அவசரப்படுத்தலாம், எழுப்பும்போது பூஜ்யத்துக்குக் கீழே வைக்க முடியாது. வேகத்தைக் கூட்டக் கையில் இருப்பது மூச்சு மட்டும்தான். அதோடு தசையும் கொழுப்பும் அதுவரை சேர்த்ததைத் திருப்பித் தரும். கொழுப்பில் செவோஃப்ளூரேனின் கரைதிறன் ரத்தத்தை விட சுமார் 48 மடங்கு. ஆனால் கொழுப்புக்கு ரத்த ஓட்டம் மிகக் குறைவு என்பதால் சிறிய அறுவையில் அங்கே அதிகம் சேர்வதில்லை. பல மணி நேர அறுவையில், பருமனான உடலில் விழிப்பு இழுப்பது இதனால். குழந்தைகளில் இன்னொரு தொல்லை உண்டு. சட்டென்று விழித்து, யாரையும் அடையாளம் தெரியாமல் அழுது புரளுவது. வலி இல்லாத குழந்தையும் இப்படிச் செய்யும், கொஞ்ச நேரத்தில் தானே அடங்கும். கடைசியில் கொஞ்சம் புரோபோஃபாலோ, டெக்ஸ்மெடெட்டோமிடின் என்ற அமைதிப்படுத்தும் மருந்தோ கொடுத்தால் குறையும்.

வீரியம் மிக்க காய்ச்சல் (மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா) என்று தவறாகப் பெயர் வாங்கிய, தசையின் ரையனோடின் ஏற்பியில் பிறவிக் கோளாறு உள்ளவர்களுக்கு வரும் ஆபத்தை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்: செவோஃப்ளூரேன் உட்பட எல்லா ஆவி மருந்துகளும் அதைத் தூண்டும், கரியமில வாயு ஏறும், தசை விறைக்கும், உடல் சூடேறும். மருந்து டான்ட்ரோலீன், கிலோவுக்கு 2.5 மில்லிகிராமில் தொடக்கம். குடும்பத்தில் யாருக்காவது மயக்கத்தில் இப்படி ஆனதாகத் தெரிந்தால் மயக்க மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

இனி சிறுநீரகம். பயம் இரண்டு தனித்தனி இடங்களிலிருந்து வருகிறது, பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள்.

முதலாவது ஃப்ளோரைடு. உடலுக்குள் போன செவோஃப்ளூரேனில் 3 முதல் 5 சதவீதத்தைக் கல்லீரலின் சிஒய்பி 2இ1 நொதி உடைக்கிறது. ஃப்ளோரைடும் ஹெக்ஸாஃப்ளூரோஐசோபுரோபனாலும் வருகின்றன. இரண்டாவது பொருள் குளுகுரோனைடோடு சேர்ந்து சிறுநீரில் போய்விடும். ஹாலோத்தேனைப் போல் இது கல்லீரல் புரதங்களில் ஒட்டிக்கொள்ளும் ட்ரைஃப்ளூரோஅசிட்டைல் துண்டுகளை உண்டாக்குவதில்லை, ஆகவே அந்த வகைக் கல்லீரல் அழற்சிக்கு இங்கே வேலை இல்லை. ஃப்ளோரைடுதான் பிரச்சினை. 1960களில் மெத்தாக்ஸிஃப்ளூரேன் என்ற மருந்து சிறுநீரகத்தைக் கெடுத்தது, ரத்த ஃப்ளோரைடு லிட்டருக்கு 50 மைக்ரோமோலைத் தாண்டினால் ஆபத்து என்ற எல்லைக்கோடு அதிலிருந்து வந்தது. செவோஃப்ளூரேன் அந்த எல்லையைத் தாண்டுவது உண்டு, ஆனாலும் சிறுநீரகம் கெடவில்லை. விளக்கம் இடத்தில் இருக்கிறது. மெத்தாக்ஸிஃப்ளூரேனைச் சிறுநீரகமே உடைத்தது, ஃப்ளோரைடு அந்தச் செல்லுக்குள்ளேயே பிறந்தது, மருந்தும் கொழுப்பில் தேங்கி நாட்கணக்கில் கசிந்துகொண்டிருந்தது. செவோஃப்ளூரேன் சிறுநீரகத்தில் மிகக் குறைவாகவே உடைகிறது, பெரும்பகுதி உடையாமலே மூச்சில் வெளியேறிவிடுகிறது. ரத்தத்தில் இருக்கும் அளவை மட்டும் பார்த்து நஞ்சை எடைபோடக் கூடாது என்பதற்கு மருந்தியலில் இதைவிட நல்ல பாடம் அரிது.

இரண்டாவது காம்பவுண்ட் ஏ. இது உடலில் உண்டாவதில்லை, இயந்திரத்தில் உண்டாகிறது. நோயாளி வெளிவிடும் கரியமில வாயுவை உறிஞ்ச சோடா லைம் வைத்திருப்பார்கள். அதிலுள்ள வலுவான காரங்கள் செவோஃப்ளூரேனை உடைக்கும்போது இந்தப் பொருள் வருகிறது. வாயு ஓட்டம் குறைந்தால், உறிஞ்சி சூடேறினால் அதிகம் வரும். எலிகளின் சிறுநீரகத்தை இது உண்மையிலேயே கெடுக்கிறது. எலியில் இதை நஞ்சாக மாற்றும் பீட்டா-லையேஸ் நொதி மனித சிறுநீரகத்தில் பல மடங்கு குறைவு, மனிதர்களில் சிறுநீரகம் செயலிழந்ததாக நிரூபணமான சங்கதி இல்லை. ஆனாலும் அமெரிக்காவில் 1995இல் அனுமதி கிடைத்த பிறகு, நிமிடத்துக்கு 1 லிட்டருக்குக் கீழே ஓட்டம் வைக்காதீர்கள், 1 லிட்டரில் இரண்டு மேக்-மணி நேரத்துக்கு (ஒரு மேக் அளவில் இரண்டு மணி நேரத்துக்கு) மேல் போகாதீர்கள் என்று மருந்தோடு வரும் குறிப்புச் சீட்டில் எழுதிவிட்டார்கள். பல நாடுகளில் இந்தத் தடை இல்லை. இன்றைய உறிஞ்சிகள் பலவற்றில் வலுவான காரமே இல்லாததால் காம்பவுண்ட் ஏ கிட்டத்தட்ட வருவதே இல்லை. அப்படிப்பட்ட உறிஞ்சி இருக்கும்போது வெறும் பயத்தில் ஓட்டத்தை 2, 3 லிட்டருக்கு ஏற்றி மருந்தை வீணாக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த ஆவி எல்லாம் கடைசியில் கூரைக்கு மேலே போய் வானத்தைத்தான் சூடாக்குகிறது. (இந்தக் கணக்கில் டெஸ்ஃப்ளூரேன் இன்னும் பல மடங்கு மோசம், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 2500 மடங்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2026 தொடக்கத்திலிருந்து அதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்திருக்கிறது.)

நிஜமாகக் கவலைப்பட வேண்டியது காய்ந்துபோன உறிஞ்சியைப் பற்றி. வார இறுதியில் யாரோ ஆக்சிஜனை அணைக்காமல் போய்விட்டால் திங்கள் காலைக்குள் உறிஞ்சி ஈரமெல்லாம் இழந்து நிற்கும். அதன்மேல் செவோஃப்ளூரேன் பட்டால் கடும் சூடு வரும். பேராலைம் என்ற, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கொண்ட பழைய உறிஞ்சியில் இப்படித் தீப்பற்றிய நிகழ்வுகள் பதிவாகியுள்ளன, அந்தச் சரக்கு சந்தையிலிருந்தே விலக்கப்பட்டது. எனவே திங்கள் காலை உறிஞ்சியின் நிறத்தை மட்டும் பார்த்துத் திருப்தியடையாதீர்கள், நிறம் கரியமில வாயுவைச் சொல்லும், ஈரத்தைச் சொல்லாது. வாயு இரவெல்லாம் ஓடியிருந்தால் உறிஞ்சியை மாற்றிவிடுங்கள்.